வால்வு ரேடியோவின் உறுமல்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வால்வு ரேடியோ வைத்திருக்கிறவர்கள் என்னிடம் கொண்டுவரும் முறைப்பாடு அநேகமாக ஒன்றுதான்: “பாடுது, ஆனா பின்னால ம்ம்ம் எண்டு ஒரு சத்தம் நிக்குதே இல்லை.” உப்புவெளியிலிருந்தும் பாலையூற்றிலிருந்தும் வருவார்கள். மூதூரிலிருந்து பெட்டியைச் சாரத்தில் சுற்றி பஸ்ஸில் தூக்கிவந்தவரும் உண்டு. நான் தொழிலுக்கு ரேடியோ திருத்துகிறவன் அல்ல. 1957இல் இங்கிருந்த கடற்படைத் தளம் பிரித்தானியரிடமிருந்து கைமாறியபோது, ஊருக்குப் போன வெள்ளைக்காரர் ஒருவர் அப்பாவிடம் விற்றுவிட்டுப் போன பெட்டியைத் திருத்தப்போய் இதற்குள் விழுந்தேன். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். உறுமல் கேட்டதும் எல்லாக் கண்டென்சரையும் (மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் உறுப்பு) பிடுங்கி மாற்றுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. சோல்டர் அயனைச் சூடாக்க முன் ஐந்து நிமிடம் காதால் கேளுங்கள். பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

உறுமல், கரகரப்பு எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. உறுமல் ஆழமானது, ஒரே சுருதியில் நிற்கும், மின்சாரத்திலிருந்து பிறப்பது. கரகரப்பு விட்டுவிட்டு வரும். வொலியூமைத் திருகும்போது வந்தால் அதன் உள்தடம் தேய்ந்திருக்கிறது, வால்வைத் தட்டும்போது வந்தால் சொக்கட் தளர்ந்திருக்கிறது. மூன்றாவது ஒன்று, “ர்ர்ர்” என்று ஈ மொய்ப்பதுபோல் கூர்மையானது. அதைக் கேட்டால் ரேடியோவைத் திறக்க வேண்டாம். பற்றரியில் ஓடும் சின்ன ட்ரான்சிஸ்டர் ரேடியோவை அதே மேசையில் வைத்து மத்திய அலையில் போட்டுப் பாருங்கள். அதுவும் அப்படியே இரைந்தால் குற்றவாளி எல்ஈடி பல்ப், ஃபோன் சார்ஜர், பக்கத்து வீட்டு இன்வேர்ட்டர் இப்படி ஏதாவதுதான். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் பிடித்துவிடலாம். மலிவான எல்ஈடி பல்ப் ஒன்றைக் கழற்றிவிட்டு “ரேடியோ திருந்திவிட்டது” என்று போனவர்கள் இருக்கிறார்கள்.

உறுமலில் 50 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ் என்று இரண்டு வகை என்கிறார்களே, காதால் பிரிக்க முடியுமா?

முடியும், கொஞ்சம் பழக்கம் வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், செக்கனுக்கு 50 சுற்று, அதாவது 50 ஹெர்ட்ஸ். உள்ளே ட்ரான்ஸ்போமரும், ஈஇசட் 80, ஈஇசட் 81, 6எக்ஸ் 4, 5வை 3 போன்ற இரண்டு அனோட் (மின்சாரத்தை வாங்கும் தகடு) ரெக்டிஃபையர் வால்வும், அதாவது ஏசியை டிசியாக்கும் வால்வும், இருக்கும் பெட்டியில் ஒவ்வொரு சுற்றின் இரண்டு பாதியும் பயன்படுகிறது. ஆகவே அங்கே வடிகட்டாமல் மிஞ்சும் அலை 100 ஹெர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் இல்லாத ஏசி/டிசி பெட்டிகளில் ஒரு பாதி மட்டுமே பயன்படுவதால் மிஞ்சுவது 50.

100 எப்படி ஒலிக்கும் என்று தெரிய வேண்டுமானால் வீதியோரத்துப் பெரிய ட்ரான்ஸ்போமரின் அடியில் ஒரு நிமிடம் நில்லுங்கள். காந்தப்புலம் ஒரு சுற்றில் இரண்டு தடவை உச்சத்துக்குப் போவதால் அதன் இரும்பும் செக்கனுக்கு 100 தடவை அதிரும். அந்தச் சுருதியை மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து ரேடியோவைக் கேளுங்கள். அதே சுருதி என்றால் 100. அதைவிட ஒரு ஸ்தாயி கீழே, காதில் படுவதைவிட நெஞ்சில் படுவதுபோல இருந்தால் 50. சின்ன ஸ்பீக்கருக்கு 50ஐச் சரியாகத் தர முடியாது, அதன் மடங்குகள்தான் கேட்கும், அதனால் குழம்பலாம். அப்போது ஃபோனில் அலைவரிசையைப் படமாகக் காட்டும் செயலி ஒன்றைப் போட்டு ஸ்பீக்கர் முன்னால் பிடியுங்கள். 50இல் முள் எழும்புகிறதா என்று பார்த்தால் போதும்.

இதில் என்ன லாபம்? ட்ரான்ஸ்போமர் உள்ள பெட்டியில் சுத்தமான 100 கேட்டால் வடிகட்டும் கண்டென்சர்கள் மேல் சந்தேகம். 50 கேட்டால் ஹீற்றர் (வால்வைச் சூடாக்கும் இழை) கசிவு, கிரிட் (வால்வுக்குள் ஒலி நுழையும் முனை) வயரில் புகுந்த மின்சாரம், அல்லது ரெக்டிஃபையரின் ஒரு பக்கம் செத்துப்போய் மறுபக்கம் மட்டும் ஓடுவது. கடைசியாகச் சொன்னதில் உயர் அழுத்தமும், அதாவது எச்.ரீ.யும், வழக்கத்தைவிட இறங்கியிருக்கும்.

ரேடியோவைப் போட்ட அந்த நொடியிலேயே உறுமுகிறது. வால்வு சூடாக நேரம் எடுக்குமே?

நல்ல கவனிப்பு. வால்வுகள் சூடாகப் பத்து, இருபது செக்கன் ஆகும். அதற்கு முன்பே சத்தம் வந்தால் அது வால்வுகளைக் கடந்து வரவில்லை. பெட்டியில் கை வைத்துப் பாருங்கள். அதிர்ந்தால் மின் ட்ரான்ஸ்போமரின் தகடுகள் தளர்ந்திருக்கின்றன, ஆணிகளை முறுக்க வேண்டும். பின்னாலுள்ள வோல்ட் தெரிவு 200இலோ 210இலோ நிற்கிறதா என்றும் பாருங்கள். 230ஐ அதில் கொடுத்தால் இரும்பு நிறைவடைந்து உறுமும், சூடும் ஏறும். 240 அல்லது 245க்கு மாற்றுங்கள். அதிர்வு இல்லாமல் ஸ்பீக்கரிலிருந்தே மெல்லிதாக வந்தால் மின் ட்ரான்ஸ்போமரின் காந்தப்புலம் பக்கத்திலுள்ள ஒலி ட்ரான்ஸ்போமரைப் பிடிக்கிறது. யாரோ முன்பு ஒலி ட்ரான்ஸ்போமரை மாற்றி, திசையைக் கவனிக்காமல் பூட்டியிருப்பார்கள். 90 பாகை திருப்பிவைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

உள்ளே கை வைக்கலாமா? கரண்ட் அடிக்குமா?

அடிக்கும், ஆளையும் கொல்லும். உள்ளே 250 முதல் 300 வோல்ட் வரை டிசி இருக்கிறது. பிளக்கைக் கழற்றிய பிறகும் கண்டென்சரில் தங்கி நிற்கும். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் நன்றாக மூடிய வயர் பொருத்தி, கண்டென்சருக்கும் சேசிஸுக்கும் (எல்லாம் பூட்டியிருக்கும் உலோகச் சட்டம்) குறுக்கே சில செக்கன் பிடியுங்கள், பிறகு மீற்றரால் பூச்சியம்தானா என்று பாருங்கள். ஸ்க்ரூட்ரைவரை வைத்துப் பொறி பறக்க விடுவது வீரம் இல்லை. ஓடும்போது அளக்க வேண்டுமானால் மீற்றரின் கறுப்பு முனையை முதலைக் கிளிப்பால் சேசிஸில் கவ்வவிட்டு, ஒரு கையால் அளந்து, மற்றக் கையைப் பின்னால் வைத்திருங்கள். காலில் செருப்பு வேண்டும். ஈரச் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நின்று இந்த வேலை செய்யாதீர்கள்.

ட்ரான்ஸ்போமர் இல்லாத பெட்டி என்றால் இன்னும் மோசம். அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன், முதலில் அதைப் படியுங்கள்.

இருபது வருஷமாகப் போடாத பெட்டி. நேரே பிளக்கில் போட்டுக் கேட்கலாமா?

வேண்டாம். பழைய 60 வாட் குண்டு பல்ப் ஒன்றைத் தொடராக இணைத்துப் போடுங்கள். எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது. பல்ப் ஒருமுறை பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே எங்கோ சோர்ட், உடனே நிறுத்துங்கள். போடுவதற்கு முன் கீழே நான் சொல்லப்போகும் கிரிட் கண்டென்சரை மட்டுமாவது மாற்றிவிடுங்கள்.

வொலியூமை முழுக்கக் குறைத்தாலும் உறுமல் அப்படியே நிற்கிறது.

நல்ல செய்தி. வொலியூமுக்கு முன்னாலுள்ள பகுதி முழுவதும் சந்தேகத்திலிருந்து விலகிவிட்டது. மிஞ்சுவது மின்வழங்கி, வொலியூமுக்குப் பின்னாலுள்ள முதல் ஒலி வால்வு, கடைசி ஒலி வால்வு. சுருதி 100 என்றால் பெரும்பாலும் மின்வழங்கியில் வடிகட்டும் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்தான்.

அது என்ன செய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் போய்விடும். வழக்கமான அமைப்பு ஒன்றை எடுப்போம்: ரெக்டிஃபையருக்குப் பின் முதல் கண்டென்சர் 32 மைக்ரோஃபரட், பிறகு 1.2 கிலோஓம் ரெசிஸ்டர், பிறகு இன்னொரு 32. சுருதி 100இல் 32 மைக்ரோஃபரட்டின் தடை ஏறத்தாழ 50 ஓம். ரெசிஸ்டரின் 1200 ஓமும் இந்த 50 ஓமும் அலையைப் பங்குபோட்டுக்கொள்வதால், முதல் கண்டென்சரில் 5 வோல்ட் அலை இருந்தால் இரண்டாவதில் 0.2 வோல்ட்தான் மிஞ்சும், 24இல் ஒரு பங்கு. இப்போது அந்த இரண்டாவது கண்டென்சர் வயதாகி, உள்ளிருந்த திரவம் காய்ந்து, 4 மைக்ரோஃபரட்டுக்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். அதன் தடை 400 ஓம். அதே 5 வோல்ட் இப்போது ஒன்றரை வோல்ட்டாக மறுபக்கம் வரும். காதில் கேட்பது இந்த வித்தியாசம்தான்.

பல பெட்டிகளில் கடைசி வால்வின் அனோட்டுக்கு முதல் கண்டென்சரிலிருந்தே நேரே மின்சாரம் போகும், மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டாவதிலிருந்து. ஈஎல் 84 போன்ற பென்டோட் வால்வு அனோட்டில் வரும் அலையைப் பெரிதாகப் பொருட்படுத்தாது, ஸ்க்ரீன் கிரிட்டில் (உள்ளே இருக்கும் இன்னொரு கம்பிவலை) வந்தால்தான் உறுமும். அதனால் உறுமலுக்கு இரண்டாவது கண்டென்சர்தான் கூடுதல் காரணம். முதலாவது போனால் உறுமலோடு எச்.ரீ.யும் இறங்கும், பெட்டி சோம்பிப் பாடும். இரண்டாவது போனால் சில நேரம் உறுமலோடு “டுப் டுப் டுப்” என்று மோட்டார் படகு போகும் சத்தமும் சேரும். உட்துறைமுகத்தில் கேட்கும் அதே சத்தம்.

அலையை அளக்க மீற்றரை ஏசி வோல்ட்டில் வைத்து, 0.1 மைக்ரோஃபரட், 630 வோல்ட் கண்டென்சர் ஒன்றைத் தொடராகப் போட்டு அளங்கள். அது இல்லாவிட்டால் சில மலிவு மீற்றர்கள் டிசியையும் சேர்த்துக் காட்டி ஏமாற்றும். இரண்டாவது கண்டென்சரில் அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் மாற்ற வேண்டியதுதான்.

அப்படியானால் 32க்குப் பதில் 220 போட்டால் உறுமல் அடியோடு போய்விடுமே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஈஇசட் 80 வால்வு இருந்த ஒரு பெட்டியில் முதல் கண்டென்சராக 220ஐப் போட்டேன். இரண்டு நாள் அமைதியாகப் பாடியது. மூன்றாம் நாள் கரண்ட் ஒரு கணம் போய் வந்தபோது வால்வுக்குள் நீலமாக மின்னி ரெக்டிஃபையர் போய்விட்டது. அந்த வால்வுக்கு முதல் கண்டென்சர் 50 மைக்ரோஃபரட்டுக்கு மேல் போகக் கூடாது என்று தயாரிப்புத் தாளிலேயே இருக்கிறது. பெரிய கண்டென்சர் ஒவ்வொரு அரைச் சுற்றின் உச்சியிலும் ஒரே மூச்சில் மின்சாரத்தை இழுக்கும், கதோட் (வால்வுக்குள் எலக்ட்ரோனை விடும் முனை) தாங்காது. அதைவிட வெட்கம், அந்தப் பெட்டியின் உறுமலுக்குக் காரணம் வேறெங்கோ இருந்தது.

32 இருந்த இடத்தில் 33, 450 வோல்ட் போடுங்கள். உறுமலைக் கூடுதலாக அடக்க வேண்டுமானால் இரண்டாவதை 47 ஆக்கலாம், அது ரெசிஸ்டருக்குப் பின்னால் இருப்பதால் வால்வை வருத்தாது.

பழைய கண்டென்சரை வெட்டாமல் புதியதைச் சேர்த்துப் பற்றவைத்தால்?

சோதிக்க மட்டும், அதுவும் பிளக்கைக் கழற்றிவிட்டு. பழையது கசிந்துகொண்டே இருந்தால் சூடேறி வெடிக்கும். அதன் வயர்களை வெட்டிவிட்டுப் புதியதைக் கீழே பூட்டுங்கள், அழகுக்குப் பழைய குப்பி மேலேயே நிற்கட்டும்.

கண்டென்சர் இரண்டையும் மாற்றிவிட்டேன். கொஞ்சம் குறைந்தது, ஆனால் குரல் பிசுபிசுக்கிறது, கடைசி வால்வும் அடுப்பாய்க் கொதிக்கிறது.

இதைத்தான் நான் முதலில் மாற்றச் சொல்வது. முதல் ஒலி வால்வின் அனோட்டிலிருந்து கடைசி வால்வின் கிரிட்டுக்குப் போகும் ஒரு கண்டென்சர், 0.01 அல்லது 0.02 மைக்ரோஃபரட், மெழுகு தோய்த்த காகிதத்தில் சுற்றியது. ஒலியை விட்டு டிசியைத் தடுப்பது அதன் வேலை. காகிதம் ஈரம் குடித்தால் டிசியும் ஊறி வரும். கிரிட்டில் பிளஸ் ஏறினால் வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும், மின்வழங்கி தடுமாறி அலை கூடும், உறுமலும் பிசகும் சேர்ந்து வரும். அப்படியே விட்டால் வால்வோடு ஒலி ட்ரான்ஸ்போமரும் எரியும். இன்று புதிய ஒலி ட்ரான்ஸ்போமர் தேடுவது லேசில்லை.

மீற்றரை டிசியில் வைத்து அந்தக் கிரிட்டுக்கும் சேசிஸுக்கும் இடையில் அளங்கள். கதோட் ரெசிஸ்டர் உள்ள வழக்கமான பெட்டிகளில் பூச்சியம் வர வேண்டும். ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் பிளஸ் வந்தால் கண்டென்சரின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு மறுபடி அளங்கள். பூச்சியமானால் கண்டென்சர் குற்றவாளி, 630 வோல்ட் பிளாஸ்டிக் ஃபிலிம் கண்டென்சர் போடுங்கள். பிளஸ் அப்படியே நின்றால் வால்வே கெட்டுவிட்டது.

வொலியூமைக் கூட்டினால் உறுமலும் கூடுகிறது.

அப்போது வொலியூமிலோ அதற்கு முன்னோ புகுகிறது. எங்கள் ஊரில் முதல் சந்தேகம் மண் (எர்த்) இணைப்புகள். பழைய பெட்டிகளில் சேசிஸ்தான் பொதுவான திரும்பு பாதை, வயர்கள் ரிவெட் அடித்த தகட்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும். கடல்காற்றின் உப்பு அந்த ரிவெட்டுக்கும் சேசிஸுக்கும் இடையில் பச்சையும் துருவும் பிடிக்க வைக்கும். பார்வைக்கு இறுக்கமாக இருக்கும், மின்சாரத்துக்கு அது ஒரு ரெசிஸ்டர். வொலியூமின் மண் முனையிலிருந்து சேசிஸுக்கு அளந்தால் அரை ஓமுக்குக் கீழே வர வேண்டும். ஆடினால் சுரண்டிச் சுத்தமாக்குங்கள், அல்லது அந்த முனையிலிருந்து முதல் ஒலி வால்வின் மண்ணுக்கு ஒரு செப்பு வயரை நேரே போட்டுவிடுங்கள். தம்பலகாமத்துப் பெட்டிகளைவிடக் கடற்கரைப் பெட்டிகளில்தான் இதை நான் அதிகம் கண்டேன்.

அடுத்தது வயர்கள் போகும் வழி. பெரும்பாலான பெட்டிகளில் மின் சுவிட்ச் வொலியூமின் முதுகிலேயே இருக்கிறது. 230 வோல்ட் வயர் ஒரு பக்கம், மில்லிவோல்ட் போகும் கிரிட் வயர் மறுபக்கம். முன்பு திருத்தியவர் இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டியிருந்தால் உறுமாமல் என்ன செய்யும்? கிரிட் வயருக்குக் கவச வயர் போட்டு, கவசத்தை ஒரு முனையில் மட்டும் மண்ணாக்குங்கள். மின் வயர்களை ஒன்றோடொன்று முறுக்கி மூலையோரமாக நகர்த்துங்கள்.

மூன்றாவது, முதல் ஒலி வால்வுக்குள்ளேயே ஹீற்றரிலிருந்து கதோட்டுக்குக் கசிவு. ஈபிசி 81, ஈஏபிசி 80 போன்றவற்றில் வரும். சுருதி 50. மீற்றரால் பிடிப்பது கஷ்டம், இன்னொரு வால்வைப் போட்டுப் பார்ப்பதுதான் வழி.

வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் இடம் தெரியுமாமே?

ட்ரான்ஸ்போமர் பெட்டி என்றால் தெரியும். ரேடியோவை நிறுத்தி, முதல் ஒலி வால்வைக் கழற்றிவைத்துவிட்டு, ரேடியோவை மறுபடி போடுங்கள். உறுமல் நின்றால் காரணம் அதிலோ அதற்கு முன்னோ. நிற்காவிட்டால் கடைசி வால்வு அல்லது மின்வழங்கி. கடைசி வால்வை மட்டும் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள், சுமை குறைந்து எச்.ரீ. எகிறும். வால்வைக் கழற்ற விருப்பமில்லாவிட்டால் 0.1 மைக்ரோஃபரட் கண்டென்சர் வழியாகக் கிரிட்டைச் சேசிஸோடு இணைத்துக் கேட்கலாம். அதே விடைதான் கிடைக்கும்.

நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் அமைதி. நிலையம் பிடித்தால் மட்டும் உறுமுகிறது. அந்த நிலையத்தின் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. வீட்டு மின்வயரே ஏரியலாகி நிலையத்தின் அலையை மின்வழங்கிக்குள் கொண்டுவருகிறது. அங்கே ரெக்டிஃபையர் திறந்து மூடும் தாளத்துக்கு அந்த அலை கூடிக் குறைந்து, மறுபடி ஏரியல் பக்கம் போய்ச் சேருகிறது. நிலையம் பலமாக இருந்தால் உறுமலும் பலம்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. ஜெர்மனியின் டொய்ச்ச வெல்லே வானொலி 1980களிலிருந்து இங்கே மறுஒலிபரப்பு நிலையம் நடத்தியது. சிற்றலையோடு மத்திய அலையில் 1548 கிலோஹெர்ட்ஸில் 400 கிலோவாட். பின்னர் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் போனது. அந்த நாட்களில் எங்கள் வீட்டுப் பெட்டி மற்ற இடமெல்லாம் நல்ல பிள்ளை, 1548க்கு முள் வந்ததும் மாடுபோல உறுமும். அப்பா ஜெர்மன்காரரைத்தான் திட்டினார். உண்மையில் ரெக்டிஃபையர் அனோட்டிலிருந்து சேசிஸுக்கு இருந்த சின்னக் கண்டென்சர் திறந்துபோயிருந்தது.

அந்த இடத்தில் 0.01 மைக்ரோஃபரட், 2000 வோல்ட் போடுங்கள். மின்வயர் இரண்டுக்கும் குறுக்கே இருக்கும் கண்டென்சருக்கு எக்ஸ் என்ற பாதுகாப்பு வகுப்பும், மின்வயரிலிருந்து சேசிஸுக்குப் போவதற்கு வை வகுப்பும் தவிர வேறெதுவும் போடக் கூடாது. மின்சாரத்தில் நேரே நிற்கும் கண்டென்சர் சோர்ட்டானால் தீயோ சாவோதான். கூடவே முற்றத்தில் பத்து மீற்றர் வயரை ஏரியலாகக் கட்டுங்கள். சில பெட்டிகளில் மின்வயரையே ஏரியலாகப் பயன்படுத்தும் இணைப்பு உண்டு, அதைக் கழற்றிவிடுங்கள்.

என் பெட்டியில் ட்ரான்ஸ்போமரே இல்லை. யூவை 85, யூசிஎல் 82 என்று வால்வுகள்.

ஏசி/டிசி பெட்டி. வால்வுகளின் ஹீற்றர்கள் எல்லாம் ஒரே தொடரில், சேசிஸ் நேரே மின்சாரத்தின் ஒரு வயரோடு. பிளக் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து சேசிஸ் முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கலாம். பெட்டியை வீட்டு மின்சாரத்திலிருந்து தனிமைப்படுத்தும் ஒன்றுக்கு ஒன்று விகித ட்ரான்ஸ்போமர் இல்லாமல் பின்பலகையைத் திறக்காதீர்கள். சேசிஸுக்கு மண் கொடுக்காதீர்கள். குமிழ்களை இறுக்கும் ஆணிகூடச் சேசிஸோடு தொடர்புள்ளது, அதன் மேலிருந்த மெழுகு உதிர்ந்திருந்தால் திரும்ப அடையுங்கள்.

உறுமலைப் பொறுத்தவரை, இங்கே 50 கேட்டாலும் வடிகட்டும் கண்டென்சர்தான் முதல் சந்தேகம். வால்வைக் கழற்றிச் சோதிக்கும் வித்தை இங்கே பலிக்காது, ஒன்றைக் கழற்றினால் எல்லாம் அணையும். ஹீற்றர் தொடரில் முதல் ஒலி வால்வு சேசிஸ் முனையில் கடைசியாக நிற்க வேண்டும். அங்கேதான் ஏசி மிகக் குறைவு. யாராவது வயரை மாற்றி அந்த வரிசையைக் குழப்பியிருந்தால் கண்டென்சரை எத்தனை தடவை மாற்றினாலும் உறுமல் போகாது.

மாரியில் உறுமல் கூடுகிறது, கச்சான் காற்று வீசும் மாதங்களில் குறைகிறது. பிரமையா?

பிரமையில்லை. மார்கழி ஈரத்தில் காகிதக் கண்டென்சர்களும் துணி சுற்றிய வயர்களும் நீர் குடிக்கும், கசிவு கூடும். கச்சான் உலர்த்திவிடும். பருவத்தோடு மாறும் உறுமல் என்றால் எலக்ட்ரோலிட்டிக்கை விட்டுவிட்டு மெழுகுக் கண்டென்சர்களைப் பாருங்கள்.

ஃபோனை கிராமபோன் துளையில் செருகிப் பாட்டுப் போட்டால் உறுமுகிறதே?

சார்ஜரைக் கழற்றுங்கள், போய்விடும். போகாவிட்டால் வயர் கவசம் இல்லாதது. ஏசி/டிசி பெட்டியில் ஃபோனைச் செருகவே வேண்டாம், உங்கள் கையில் இருப்பது மின்வயரின் நுனி.

ரேடியோவைப் போட்டால் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுகிறது.

மின்வயரிலிருந்து சேசிஸுக்குப் போகும் பழைய கண்டென்சர் கசிகிறது, அல்லது மின் ட்ரான்ஸ்போமரின் காப்பு போய்விட்டது. முதலாவதை வெட்டிவிட்டுப் பாருங்கள். ட்ரிப் சுவிட்சைத் தவிர்த்து வேறு வழியாகக் கரண்ட் கொடுக்கிற யோசனை வந்தால் ரேடியோவை மூடிவைத்துவிடுங்கள்.

மிகப் பழைய பெட்டி. ஸ்பீக்கரில் காந்தத்துக்குப் பதில் கம்பிச் சுருள் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்கு முந்திய பெட்டிகளில் அப்படித்தான். அந்தச் சுருள் ஸ்பீக்கருக்குக் காந்தமாகவும், மின்வழங்கிக்கு வடிகட்டும் சோக்காகவும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. ஸ்பீக்கரை மாற்றி அந்த இடத்தில் வெறும் ரெசிஸ்டர் போட்டால் உறுமல் வரும், சோக் ஒன்று போட வேண்டும். சிலவற்றில் உறுமலை எதிர்த்து அழிக்கவென்றே இன்னொரு சின்னச் சுருள் இருக்கும், அதன் இரு வயரையும் மாற்றிப் பற்றவைத்தால் உறுமல் அழிவதற்குப் பதில் இரட்டிக்கும். இரண்டு பக்கமும் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

சாமான் எங்கே எடுப்பது?

கண்டென்சரும் ரெசிஸ்டரும் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எடுக்கலாம். இந்தியா போகிறவர்கள் இருந்தால் சென்னை ரிச்சி தெருவில் சொல்லிவிடுங்கள். வால்வுக்கு ஊரிலேயே விசாரியுங்கள், செத்த பெட்டி ஒன்றில் உயிருள்ள ஈபிசி 81 கிடைப்பது அபூர்வமில்லை.

எவ்வளவு உறுமல் இருந்தால் பரவாயில்லை?

எஸ். பி. மயில்வாகனன் இலங்கை வானொலியில் பேசிய காலத்திலேயே இந்தப் பெட்டிகள் கொஞ்சம் உறுமத்தான் செய்தன. புதிதாக விற்றபோதும் அப்படித்தான். இரவில் சந்தடி அடங்கிய பிறகு வொலியூமைக் குறைத்துவிட்டு, வழக்கமாக இருந்து கேட்கும் கதிரையில் இருங்கள். கேட்காவிட்டால் சரி. ஸ்பீக்கர் துணியில் காதை ஒட்டினால் கேட்கத்தான் செய்யும், அதைத் துரத்திக்கொண்டு போனால் நல்ல சாமானையும் கழற்றிக் கெடுப்பீர்கள். அப்பாவின் பெட்டியை நான் அந்த அளவில் விட்டுவிட்டேன். பின்பலகையைப் பூட்டும்போது காற்றுத் துளைகளுக்கு உட்பக்கமாக நைலோன் வலை ஒட்டுங்கள். உள்ளே சூடு, பல்லிக்கு அது பிடிக்கும். ரெக்டிஃபையர் சொக்கட்டில் பல்லி விழுந்த பெட்டிகள் இரண்டு என் மேசைக்கு வந்திருக்கின்றன.